கூண்டுக்குள் சூரியன், தப்பியோடும் துணிக்கைகள்

அணுக்கரு இணைவு உலையின் தலைவிதி பிளாஸ்மாவுக்குள் எழும் அலைகளின் கையில் இருக்கிறது. அந்தக் கணக்கில் பருத்தித்துறையில் படித்த ஒரு தமிழருக்கும் பங்குண்டு.

2023 ஒக்டோபர் 3ஆம் திகதி, இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்டுக்கு அருகே உள்ள கல்ஹம் ஆய்வு மையத்தில் ‘ஜெட்’ என்ற இணைவு உலை தன் வாழ்நாளின் ஆகப் பெரிய சாதனையைச் செய்தது. ஐந்து செக்கன் அளவில் அது வெளியிட்ட சக்தி 69 மெகா யூல். அதற்குச் செலவான எரிபொருள் ஒரு மில்லிகிராமின் ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவு வெப்பத்தை நிலக்கரியிலிருந்து பெற ஏறத்தாழ இரண்டு கிலோ எரிக்க வேண்டும். எடையில் ஒரு கோடி மடங்கு வித்தியாசம்.

அதையே மின்சார சபையின் பட்டியல் கணக்கில் சொன்னால் 19 அலகு. சிக்கனமான ஒரு வீட்டுக்கு ஒரு வாரம் காணும். அதுவும் வெப்பமாக வந்த சக்தி; மின்சாரமாக மாற்றினால் பாதிக்கும் குறைவாகவே மிஞ்சும். உலையைச் சூடாக்கவும் அதன் காந்தங்களை இயக்கவும் உறிஞ்சப்பட்ட மின்சாரமோ பல மடங்கு. சாதனை படைத்த சில வாரங்களில், 40 ஆண்டு உழைப்புக்குப் பிறகு, ஜெட் நிரந்தரமாக மூடப்பட்டது.

மின்சாரத்தின் அருமையை யாழ்ப்பாணத்தவருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1990க்குப் பிறகு குடாநாடு ஆண்டுக்கணக்கில் இருளில் கிடந்தது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் எட்டாத விலைக்குப் போக, ஜாம் போத்தலுக்குள் சிறு திரி எரித்து உயர்தரப் பரீட்சைக்குப் படித்த தலைமுறை ஒன்று இங்கே உண்டு. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறையும் அதுதான். போர் முடிந்த பிறகே குடாநாடு தேசிய மின்கட்டமைப்போடு மீண்டும் இணைந்தது. இடைக்காலத்தில் எண்ணெய் எரித்து மின்சாரம் எடுத்ததற்குக் கொடுத்த விலையைச் சுன்னாகத்துக் கிணறுகள் சொல்லும். நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த அந்த வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் காற்று, வெயில், மின்கலம், டீசல் நான்கையும் கலந்த மின்திட்டம் ஒன்றுக்கு இந்திய நன்கொடையில் 2024இல்தான் ஒப்பந்தமானது.

ஆகவே, கடல்நீரில் உள்ள ஐதரசனிலிருந்து கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு மின்சாரம் எடுக்கலாம் என்று சொன்னால் நமக்குக் காது நீளத்தான் செய்யும். எப்போது என்பதுதான் கேள்வி. 1955இல் ஜெனீவாவில் நடந்த அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய இந்திய விஞ்ஞானி ஹோமி பாபா, இருபது ஆண்டுக்குள் இணைவுச் சக்தி மனிதனின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும் என்று எதிர்வுகூறினார். எழுபது ஆண்டு ஓடிவிட்டது. பிரான்சின் தென்பகுதியில் எழுந்துவரும் ‘ஐடர்’ என்ற மாபெரும் உலை, முழுமையான எரிபொருளோடு இயங்கத் தொடங்கும் ஆண்டாக இப்போது 2039ஐக் குறித்திருக்கிறது.

தாமதத்துக்குப் பணமும் அரசியலும் பொருட்களின் தாங்குதிறனும் காரணம். இவற்றுக்கெல்லாம் அடியில், பணம் கொட்டினாலும் தானாகத் தீராத ஒரு பௌதிகவியல் சிக்கலும் இருக்கிறது. உலைக்குள் பிறக்கும் அதிவேகத் துணிக்கைகளை, அங்கேயே எழும் அலைகள் என்ன செய்கின்றன என்பதே அது.

ஆல்பா நின்றால்தான் நெருப்பு நிற்கும்

இணைவு உலையில் ஐதரசனின் இரு வகைகளான தியூத்திரியமும் திரித்தியமும் 15 கோடி பாகை வெப்பத்தில் மோதி ஒன்றாகின்றன. அந்த வெப்பத்தில் அணு அணுவாக இருக்காது. இலத்திரன்கள் கழன்று, ஏற்றமுள்ள துணிக்கைகளின் குழம்பாகிவிடும். அதுதான் பிளாஸ்மா. எந்த உலோகப் பாத்திரமும் அதைத் தாங்காது. வளைய வடிவக் காந்தப்புலமே அதற்குப் பாத்திரம். டோகமாக் என்ற இந்த அமைப்பைச் சோவியத் விஞ்ஞானிகள் வகுத்தார்கள்.

ஒவ்வோர் இணைவிலும் இரண்டு துணிக்கைகள் பிறக்கின்றன. ஒன்று நியூத்திரன், பிறந்த சக்தியில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 14.1 மெகா இலத்திரன் வோல்ற், அதனிடம் இருக்கும். அதற்கு ஏற்றம் இல்லாததால் காந்தப்புலம் அதைத் தடுக்காது. நேரே சுவருக்குப் போய் வெப்பமாகும். மின்சாரம் எடுப்பது அந்த வெப்பத்திலிருந்துதான். மற்றது ஈலியக் கருவான ஆல்பா. அதன் பங்கு 3.5 மெகா இலத்திரன் வோல்ற். ஏற்றம் இருப்பதால் காந்தப்புலத்தில் சிக்கிக்கொள்ளும். தன் சக்தியைச் சுற்றியிருக்கும் எரிபொருளுக்குக் கொடுத்து, அடுத்த இணைவுக்கு வேண்டிய வெப்பத்தைக் காப்பது இந்த ஆல்பாவின் வேலை.

ஐடர் திட்டமிட்டபடி இயங்கினால் வெளியிலிருந்து 50 மெகா வாற் வெப்பத்தைக் கொடுத்து 500 மெகா வாற் எடுக்கும். அந்த 500இல் 100 ஆல்பாக்களுடையது. வெளியிலிருந்து கொடுப்பதைப்போல் இரண்டு மடங்கு. ஆல்பா உள்ளே நின்றால் நெருப்பு தன்னைத்தானே காத்துக்கொள்ளும். ஆல்பா வெளியே ஓடினால் நெருப்பு தணிவதோடு ஓடியது போய்ச் சுவரைச் சுடும்.

பிறக்கும் கணத்தில் ஆல்பாவின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 13,000 கிலோமீற்றர். அது வேகம் தணிந்து சாதாரணத் துணிக்கையாக மாற ஒரு செக்கன் அளவு எடுக்கும். ஐடரின் வளையத்தை ஒருமுறை சுற்ற சுமார் 39 மீற்றர். ஆக, ஓர் ஆல்பா தன் கடமையை முடிக்குமுன் இலட்சக்கணக்கான சுற்றுகள் ஓட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் நூலிழை விலகினாலும் போதும், கடைசியில் சுவர்தான்.

சந்திரசேகரின் உராய்வு

வேகமான துணிக்கை ஒன்று கூட்டத்துக்குள் ஓடும்போது எப்படித் தணிகிறது என்பதற்குக் கணிதம் தந்தவர்களில் ஒருவர் நம்மவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகர் 1943இல் விண்மீன் கூட்டங்களை ஆராய்ந்தார். வேகமாகப் போகும் விண்மீனை மற்றவை தம் ஈர்ப்பால் சிறிது சிறிதாக இழுத்துத் தணிக்கும் விதத்தை அவர் கணக்கிட்டார். ஈர்ப்புக்குப் பதில் மின்விசை என்று வைத்தால் அதே கணக்கு பிளாஸ்மாவுக்கும் பொருந்தும். அதில் வரும் சார்பை உலகெங்கும் இணைவு ஆய்வாளர்கள் இன்றும் ‘சந்திரசேகர் சார்பு’ என்றே அழைக்கிறார்கள். சிக்காகோவில் அவர் நிகழ்த்திய விரிவுரைகள் ‘பிளாஸ்மா பௌதிகவியல்’ என்ற பெயரில் 1960இல் நூலாகவும் வந்தன.

இந்தச் சார்பின் வரைபில் ஒரு விசித்திரம் உண்டு. துணிக்கையின் வேகம் கூடக்கூட உராய்வு முதலில் ஏறும். ஓர் உச்சத்துக்குப் பிறகு இறங்கத் தொடங்கும். மிக வேகமான துணிக்கைக்கு உராய்வு குறைவு. இந்த இறக்கம் என்ன விபரீதத்தைக் கொண்டுவரும் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

மோதலும் உராய்வும் மட்டும் என்றால் ஆல்பாவின் வாழ்க்கை ஒழுங்காக முடியும். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இயங்கிய டி.எஃப்.டி.ஆர். உலையில் 1993 டிசம்பர் முதல் தியூத்திரியமும் திரித்தியமும் கலந்து எரித்துப் பார்த்தார்கள். பிளாஸ்மா அமைதியாக இருந்த வேளைகளில் ஆல்பாக்கள் கணக்குச் சொன்னபடியே நடந்தன. பிளாஸ்மா எப்போதும் அமைதியாக இராது என்பதுதான் தொல்லை.

அலையோடு ஓடும்போது

காந்தப்புலத்தில் ஏற்றமுள்ள துணிக்கை ஒன்று புலக்கோட்டைச் சுற்றிச் சுருளாக ஓடும். புலம் மெதுவாகவே மாறும்போது அதன் இயக்கத்தில் சில கணியங்கள் மாறாமல் இருக்கும். அந்த மாறிலிகள்தான் கூண்டின் கம்பிகள். அவை மாறாதவரை துணிக்கை தன் தடத்தைவிட்டு விலகாது. புலத்தில் வேகமாகத் துடிக்கும் அலை ஒன்று எழுந்து, அதன் துடிப்பு துணிக்கையின் ஓட்டத்தோடு பொருந்திவிட்டால் மாறிலி மாறிலியாக இராது. கம்பி வளைந்துவிடும்.

அப்படிப்பட்ட அலை ஒன்றைச் சுவீடன் விஞ்ஞானி ஹான்னஸ் அல்ஃப்வென் 1942இல் எதிர்வுகூறினார். மின்கடத்தும் பாய்மத்தில் காந்தப்புலக் கோடுகள் இழுத்துக் கட்டிய நரம்புபோல் அதிரும் என்றார் அவர். பல ஆண்டு யாரும் பெரிதாக எடுக்கவில்லை. 1970இல் நோபல் பரிசு கிடைத்தது. ஐடரின் அளவுகளை வைத்துக் கணக்குப் பார்த்தால் இந்த அல்ஃப்வென் அலையின் வேகம் செக்கனுக்கு 7,000 முதல் 8,000 கிலோமீற்றர் வரும். ஆல்பா பிறப்பதோ 13,000இல். தணிந்துவரும் வழியில் அலையின் வேகத்தை அது கடந்தே ஆக வேண்டும். அங்கேதான் இருவரும் சந்திக்கிறார்கள்.

பருத்தித்துறைக் கடலில் அலையைவிட வேகமாகவோ மெதுவாகவோ ஓடும் வள்ளம் ஏறியிறங்கிப் போகும். அலை அதை அதிகம் ஒன்றும் செய்யாது. அலையின் வேகத்திலேயே ஓடினால் அலையின் ஒரே சரிவில் நெடுநேரம் நிற்க நேரும்; தள்ளினால் தள்ளிக்கொண்டே இருக்கும், இழுத்தால் இழுத்துக்கொண்டே இருக்கும். பிளாஸ்மாவிலும் இதுவே நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் பரிவு என்று படிப்பது இதைத்தான். இந்தச் சந்திப்பில் வேகமான துணிக்கைகள் அலைக்குச் சக்தியைக் கொடுத்தால் அலை வளரும். வளர்ந்த அலை துணிக்கைகளைத் தடம் மாற்றி வெளியே தள்ளும்.

டோகமாக்கின் வளைய வடிவமே இவ்வகை அலை ஒன்றுக்கு இடம் விட்டுவைக்கிறது என்பதை செங், லியூ சென், சான்ஸ் மூவரும் 1985இல் கணக்கில் காட்டினார்கள். 1991இல் டி.எஃப்.டி.ஆர். உலையிலும் கலிபோர்னியாவின் டி.மூன்று-டி உலையிலும் அது நேரில் தெரிந்தது. பிளாஸ்மாவைச் சூடாக்க வெளியிலிருந்து செலுத்திய வேக அயன்களின் சக்தியில் பாதிக்கும் மேல் இழந்த பரிசோதனைகளும் உண்டு. டி.எஃப்.டி.ஆர். உலையில் இவ்வாறு விலகிய அயன்கள் வெற்றிடக் கலத்தின் சுவரையே துளைத்தன.

அதற்கு முன்பே 1983இல் பிரின்ஸ்டனின் வேறோர் உலையில் புதுவிதத் துடிப்பு ஒன்று பதிவாகியிருந்தது. கருவி வரைந்த கோடு மீனின் முள்ளைப்போல் இருந்ததால் ‘மீன்முள்’ என்றே பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு தொகுதி வேக அயன்கள் வெளியே கொட்டின. எரிபொருளைச் சூடாக்கச் செலுத்திய துணிக்கைகளே அலையை எழுப்பி, அந்த அலையாலேயே வெளியேற்றப்படுவதை ஆய்வாளர்கள் அன்று நேரில் கண்டார்கள்.

சிறு சுழிகளும் ஒரு வியப்பும்

இதுவரை சொன்னவை பெரிய, ஒழுங்கான அலைகள். பிளாஸ்மாவில் இன்னொரு வகையும் உண்டு: சில மில்லிமீற்றர் முதல் சில சென்ரிமீற்றர்வரை அளவுள்ள எண்ணற்ற சிறு சுழிகளின் கொந்தளிப்பு. நடுவில் 15 கோடி பாகை, ஓரத்தில் அதைவிட மிகக் குறைவு என்ற பெரும் வெப்ப வித்தியாசமே இதைத் தூண்டுகிறது. இணைவு உலைகளிலிருந்து வெப்பம் கணித்ததைவிட வேகமாகக் கசிவதற்கு முதற் காரணம் இந்தக் கொந்தளிப்புத்தான். டோகமாக்குகள் இவ்வளவு பெரிதாகக் கட்டப்படுவதும் இதனால்தான்.

இந்தச் சுழிகள் ஆல்பாவை என்ன செய்யும்? உயர்தரப் பௌதிகவியலில் வரும் ஒரு சிறு கணக்கே விடை சொல்லும். திணிவை வேகத்தால் பெருக்கி, ஏற்றத்தாலும் காந்தப்புலத்தாலும் வகுத்தால் சுழலும் வட்டத்தின் ஆரை வரும். ஐடரின் 5.3 தெஸ்லா புலத்தில், புதிதாகப் பிறந்த ஆல்பாவுக்கு அது 5 சென்ரிமீற்றர் அளவில் வருகிறது. சாதாரண எரிபொருள் அயனுக்கோ ஏறத்தாழ 4 மில்லிமீற்றர். 5 சென்ரிமீற்றர் வட்டம் போடும் துணிக்கை ஒரே சுற்றில் பல சுழிகளைக் கடந்துவிடும். ஒன்று இந்தப் பக்கம் தள்ள, அடுத்தது அந்தப் பக்கம் தள்ள, மொத்தத்தில் பெரும்பகுதி கழிந்துபோகும். சிறு கொந்தளிப்பு புதிய ஆல்பாவை அதிகம் அலைக்கழிக்காது. வேகம் தணிந்து வட்டம் சுருங்கச் சுருங்கத்தான் கொந்தளிப்பின் கை ஓங்கும்.

கடந்த சில ஆண்டுகளில் ஆய்வாளர்களை நிமிர்ந்து உட்காரவைத்த செய்தி இதற்கு மறுபக்கம். கொந்தளிப்பு வேகத் துணிக்கையை என்ன செய்யும் என்றே கேட்டுவந்தவர்கள், வேகத் துணிக்கை கொந்தளிப்பை என்ன செய்யும் என்று கேட்கத் தொடங்கினார்கள். தென்கொரியாவின் கே-ஸ்டார் உலை, வேக அயன்கள் நிறைந்த ஒரு நிலையில் 10 கோடி பாகை வெப்பத்தை 20 செக்கன்வரை தாங்கிநின்றதாக 2022இல் அறிவிக்கப்பட்டது. வேக அயன்கள் கொந்தளிப்பை அடக்கிவிட்டதே காரணம் என்றார்கள். அதே ஆண்டு ஜெட் உலையின் ஆய்வாளர்களும் இதையொத்த முடிவை வெளியிட்டார்கள். ஆல்பாவின் சக்திக்கு நிகரான அயன்கள் பிளாஸ்மாவில் அல்ஃப்வென் அலைகளை எழுப்பின; அந்த அலைகள் பிளாஸ்மாவுக்குள் பட்டை பட்டையான குறுக்கோட்டங்களை உண்டாக்கின; அவை சிறு சுழிகளைக் கிழித்துப் போட்டன. எதிரி என்று எண்ணிய அலை அளவோடு இருந்தபோது காவலுக்கு நின்றது.

அளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அலை சிறிதாக இருந்தால் கொந்தளிப்பு அடங்கும். பெரிதானால் ஆல்பா ஓடும். எல்லை எங்கே என்பதை ஆல்பாவே தன் நெருப்பைக் காக்கும் ஓர் உலையில் இதுவரை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. அதற்காகத்தான் ஐடர் கட்டப்படுகிறது.

இன்னும் துணிச்சலான யோசனையும் உண்டு. ஆல்பா தன் சக்தியை முதலில் இலத்திரன்களுக்கே கொடுக்கிறது. நமக்கு வேண்டியதோ எரிபொருள் அயன்கள் சூடாவது. தகுந்த அலை ஒன்றை நாமே உலைக்குள் அனுப்பி, ஆல்பாவின் சக்தியை அலை வழியாக அயன்களுக்கு நேரே மாற்றிவிடலாம் என்று ஃபிஷ், ராக்ஸ் என்ற இருவர் 1992இல் முன்மொழிந்தார்கள். அது முழுமையாக நிறைவேறினால் உலையின் கணக்கே மாறும்.

ஓடுகாலி இலத்திரன்கள்

சந்திரசேகர் சார்பின் இறக்கம் விபரீதமாவது இங்கேதான். டோகமாக்கில் சிலவேளை பிளாஸ்மா திடீரெனக் குலைந்துபோகும். அப்போது எழும் மின்புலம் இலத்திரன்களை முடுக்கும். வேகம் கூட உராய்வு குறையும்; உராய்வு குறைய வேகம் இன்னும் கூடும். ஒரு கட்டத்துக்குப் பிறகு பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. ஒளியின் வேகத்தை நெருங்கும் இந்த ஓடுகாலி இலத்திரன்கள் ஐடர் போன்ற உலையில் பல இலட்சம் அம்பியர் மின்னோட்டத்தைச் சுமந்துபோய் ஒரே இடத்தில் சுவரைத் தாக்கக்கூடும்.

இவற்றை அடக்கும் வழிகளை இந்தியாவும் தேடுகிறது. குஜராத்தின் காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆதித்யா டோகமாக் 1989இல் இயங்கத் தொடங்கியது. ஓடுகாலி இலத்திரன்களைக் கட்டுப்படுத்தும் பரிசோதனைகள் அங்கே நடந்திருக்கின்றன. ஐடரின் ஏழு பங்காளிகளில் இந்தியாவும் ஒன்று. உலை முழுவதையும் உள்ளடக்கும் 3,850 தொன் எடையுள்ள குளிர்கலம் இந்தியாவின் பங்களிப்பு.

இயற்கையும் இரண்டு கடிவாளங்களை வைத்திருக்கிறது. ஒன்று அலை. ஓடுகாலி இலத்திரன்கள் தாமே எழுப்பும் ‘விசில்’ அலைகள் 2018இல் டி.மூன்று-டி உலையில் முதன்முறையாக நேரே அளக்கப்பட்டன. பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சுப் பட்டைகளில் இலத்திரன்களைச் சிதறடிப்பதும் இவ்வகை அலைகளே. உலைக்குள் அவை ஓடுகாலிகளின் கட்டுக்கோப்பைக் குலைக்க உதவலாம். மற்றது கதிர்வீச்சு. முடுக்கப்படும் ஏற்றம் கதிர்வீசும். வீசிய கதிர் அந்த ஏற்றத்தையே பின்னுக்கு இழுக்கும். இந்த எதிர்விசையை எப்படிச் சமன்பாட்டில் எழுதுவது என்பது கடந்த நூற்றாண்டின் முடிச்சுகளில் ஒன்று. அதை அவிழ்க்க முயன்றவர்களில் ஒருவர் ஹாட்லிக் கல்லூரி மாணவர்.

பருத்தித்துறையிலிருந்து டிராக்கிடம்

1918இல் வட இலங்கையில் பிறந்த கிறிஸ்டி ஜெயரட்ணம் எலியேசர், பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிலும் கொழும்பிலும் படித்துக் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசான், பௌதிகவியலாளர் போல் டிராக். கதிர்வீசும் இலத்திரனுக்கான சமன்பாடு ஒன்றை 1938இல் டிராக் எழுதியிருந்தார். அதை எலியேசர் கையிலெடுத்து ஓர் எளிய கேள்வி கேட்டார்: இலத்திரன் ஒன்று நேர்கோட்டில் ஐதரசன் கருவை நோக்கி விழுந்தால் என்ன ஆகும்?

1943இல் அவர் வெளியிட்ட விடை எவரும் எதிர்பாராதது. சமன்பாட்டின்படி இலத்திரன் கருவைத் தொடவே தொடாது. கிட்டப்போய் நின்று, திரும்பி, முடிவில்லாமல் வேகம் கூடி ஓடிவிடும். இழுக்கும் விசை இருக்கத் துணிக்கை எதிர்ப்பக்கம் ஓடுகிறது என்றால் சமன்பாட்டில்தான் ஏதோ பிழை. உலையில் ஓடும் இலத்திரன் நிசமானது. எலியேசர் கண்ட ஓட்டமோ கோட்பாட்டின் நோய்க்கு அடையாளம். அந்த நோய் இல்லாத மாற்றுச் சமன்பாடு ஒன்றையும் 1948இல் அவரே முன்வைத்தார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஃபோர்ட், ஓ’கொனெல் ஆகிய இருவர் வேறு வழியில் அதே வடிவத்தை அடைந்தார்கள். இன்று மிக வலிய லேசர்க் கதிரில் இலத்திரன்களை ஆராய்வோர் அதை மூவரின் பெயராலும் குறிப்பிடுகிறார்கள்.

எலியேசர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் மலாயாவிலும் கணிதப் பேராசிரியராக இருந்து, பின்னர் மெல்பேணின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இணைவு ஆய்வுக்கு இன்னும் நெருக்கமான ஒரு வேலையை அங்கே செய்தார். காலத்தோடு மாறும் காந்தப்புலத்தில் ஏற்றமுள்ள துணிக்கையின் இயக்கத்துக்குத் திருத்தமான மாறிலி ஒன்று உண்டு என்று லொஸ் அலமோஸ் ஆய்வகத்தின் ரால்ஃப் லூயிஸ் 1960களின் பிற்பகுதியில் கண்டிருந்தார். மேலே கூண்டின் கம்பி என்று சொன்னோமே, அதன் துல்லியமான வடிவம் இது. ஆனால் அந்தக் கணியத்துக்குப் பௌதிகப் பொருள் என்ன என்பது விளங்காமல் இருந்தது. 1976இல் எலியேசரும் கிரே என்பவரும் வெளியிட்ட சிறு கட்டுரை அதை விளக்கியது. ஒருபரிமாண அதிர்வை இருபரிமாணத் தளத்தில் ஓடும் இயக்கமொன்றின் நிழலாகப் பாருங்கள். அந்தத் தள இயக்கத்தின் கோண உந்தமே லூயிசின் மாறிலி என்றார்கள். இணைந்த கணிதம் படித்த மாணவருக்கு விளங்கும் மொழியில் ஒரு பெரிய முடிச்சு அவிழ்ந்தது.

எலியேசர் 2001இல் மறைந்தார். அவுஸ்திரேலியத் தமிழர் அவரைச் சமூகத் தலைவராக நினைவில் வைத்திருக்கிறார்கள். அவருடைய விஞ்ஞானத்தை அறிந்த தமிழர் எத்தனைபேர் என்று கேட்டால் பதில் சங்கடமாகத்தான் இருக்கும்.

நம் தலைக்கு மேலேயும்

பிளாஸ்மாக் கொந்தளிப்பைப் பார்க்கப் பிரான்சுக்கோ குஜராத்துக்கோ போகத்தான் வேண்டும் என்றில்லை. குடாநாட்டுக்கு மேலே நூறு கிலோமீற்றருக்கும் கீழேயே தொடங்கும் அயனமண்டலமும் பிளாஸ்மாவே. புவிக்காந்த மத்தியகோட்டுக்கு அருகில் இருப்பது நமக்கு வாய்த்த ஒரு வசதி. இந்தியா 1963இல் தன் முதல் ஆய்வு ரொக்கெற்றைக் கேரளத்துத் தும்பாவிலிருந்து ஏவியதும் அந்தக் கோட்டின் அருகாமைக்காகத்தான். இந்த வலயத்தில் பொழுதுபட்டதும் அயனமண்டலத்தின் அடிப்பகுதி ஐதாகி, மேலே அடர்ந்த பகுதி நிலைகொள்ளாமல் போகும். ஐதான குமிழிகள் மேலெழுந்து கொந்தளிப்பை உண்டாக்கும். சைக்கிள் டைனமோவில் சிற்றலை வானொலி கேட்டவர்களுக்கு, இரவில் குரல் நடுங்கித் தேய்ந்து திரும்பிவருவது பழக்கமான சங்கதி. அதற்கான காரணங்களில் இந்தக் கொந்தளிப்பும் ஒன்று. இன்று அது செய்மதி வழிகாட்டலைக் குழப்புகிறது. ஐடருக்குள் நடப்பதும் இதுவும் வெவ்வேறு நிலைகுலைவுகள் என்றாலும், இரண்டையும் ஆளும் அடிப்படைச் சமன்பாடுகள் ஒரே குடும்பம்.

கணக்குக்குக் கடவுச்சீட்டுத் தேவையில்லை

இலங்கை ஐடரின் பங்காளி இல்லை. ஆகப் போவதாகவும் தெரியவில்லை. டோகமாக் ஒன்று கட்ட நமக்கு வசதியும் இல்லை; கட்ட வேண்டிய தேவையும் இல்லை. நாளைய மின்சாரத்துக்கு வெயிலும் காற்றும் இங்கே தாராளமாக உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறை சூரியக்கல ஆய்வில் கால் பதித்திருப்பது சரியான முடிவு. இணைவு வரும்வரை காத்திருக்கச் சொல்லி எவரும் நம்மை ஏமாற்றக் கூடாது.

ஆனால் இந்தத் துறையின் கதையைத் திரும்பிப் பாருங்கள். அல்ஃப்வென் அலை உலையில் தெரிவதற்கு முன் தாளில் தெரிந்தது. டோகமாக்கின் வளைய அலை அளக்கப்படுவதற்கு ஆறு ஆண்டு முன்பே கணக்கில் வந்துவிட்டது. சந்திரசேகருக்கு விண்மீன்களும் எலியேசருக்கு ஒரு பென்சிலும் போதுமாக இருந்தன. வேகத் துணிக்கைக்கும் அலைக்கும் இடையிலான கணக்கு இன்னும் முடியவில்லை. அதைச் செய்ய உலை வேண்டாம். கணிதமும் கணினியும் பொறுமையும் வேண்டும். பிளாஸ்மாவைப் பாவனை செய்யும் நிரல்கள் பல திறந்த மூலமாக இணையத்தில் கிடக்கின்றன. பிரித்தானியாவின் மாஸ்ட் உலையின் பரிசோதனைத் தரவுகளும் பொதுவில் திறந்துவிடப்பட்டுள்ளன. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கிறது. அங்கிருந்து காந்திநகர் எட்டாத தூரமில்லை.

ஆகவே மூன்று வேண்டுகோள். பாடசாலை ஆசிரியர்களே, காந்தப்புலத்தில் ஏற்றத்தின் வட்ட இயக்கத்தைப் படிப்பிக்கும்போது ஐடரின் 5.3 தெஸ்லாவையும் ஆல்பாவின் வேகத்தையும் எண்களாகக் கொடுங்கள். வினாத்தாளுக்கு வெளியே அந்தச் சமன்பாட்டுக்கு ஓர் உலகம் உண்டு என்பது பிள்ளைகளுக்குத் தெரியட்டும். பல்கலைக்கழகக் கணித, பௌதிகவியல் துறைகளே, இறுதியாண்டு ஆய்வுகளில் ஒன்றிரண்டையாவது பிளாஸ்மாக் கணக்கீட்டுக்கு ஒதுக்குங்கள். காந்திநகர் நிறுவனத்தோடு தொடர்பு தேடுங்கள். புலம்பெயர்ந்த பழைய மாணவர்களே, கட்டடத் திறப்புக்கும் கிரிக்கெட் போட்டிக்கும் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை எலியேசர் பெயரில் ஆண்டுதோறும் ஒரு கணித விரிவுரைக்கும் ஒரு புலமைப்பரிசிலுக்கும் தாருங்கள்.

ஐடர் முழு எரிபொருளோடு இயங்கும் 2039இல் அதன் ஆல்பாக்கள் உள்ளே நிற்கின்றனவா, ஓடுகின்றனவா என்பதை ஆராயப்போகிறவர்கள் இன்று பத்து, பதினைந்து வயதுப் பிள்ளைகள். அவர்களில் சிலர் வடமராட்சியிலும் வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் தீவகத்திலும் இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்க வேண்டும்.